உங்களுக்குத் தெரியுமா? பாளையங்கோட்டைக்கு வந்த கொல்லரும் மாவரைப்பவரும்

●
1820இல் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு இரண்டு ஜெர்மன் பாதிரிமார் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ரேனியஸ். நெல்லைக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊசிக்கோபுரத் தேவாலயம் அவர் காலத்தில் எழுந்தது. இன்னொருவர் பெர்ன்ஹார்ட் ஷ்மிட். ‘ஷ்மிட்’ என்றால் கொல்லர். பின்னர் 1830களில் ஜே. ஜே. முல்லர் என்பவரும் ரேனியஸோடு இங்கே ஊழியம் செய்தார். ‘முல்லர்’ என்றால் தானியம் அரைக்கும் ஆலைக்காரர். இன்று ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயர் முல்லர்தான்; ஏறத்தாழ நூறு பேரில் ஒருவர் முல்லர். இரண்டாம் இடத்தில் ஷ்மிட். அந்த நாட்டின் முதல் இரண்டு பெயர்களும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தாமிரபரணிக் கரைக்கு வந்துவிட்டன.

●
ஜெர்மன் குடும்பப்பெயர்களை நான்கு வகையாகப் பிரிப்பார்கள்: தொழிலால் வந்தது, தகப்பன் பெயரால் வந்தது, ஊரால் வந்தது, ஆளின் நிறத்தாலோ குணத்தாலோ வந்தது. நான்குக்கும் உதாரணம் தேட நெல்லை மாவட்டத்தைத் தாண்ட வேண்டாம். ஷ்மிட்டும் முல்லரும் தொழில். 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்து குளோரிந்தா என்ற பெண்மணிக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் சுவார்ட்ஸின் பெயருக்குக் ‘கருப்பு’ என்று பொருள். 1790களில் இங்கே பணிசெய்த யெனிக்கேயின் பெயர் யோஹன்னஸ் என்பதன் செல்லச் சுருக்கத்திலிருந்து பிறந்தது. தகப்பன் பெயர் வகை. களக்காட்டுப் பக்கம் இருக்கும் டோனாவூருக்குப் பெயர் தந்த பிரஷ்யப் பிரபு டோனாவின் குடும்பப்பெயர், சாக்சனி மாநிலத்தில் இருக்கும் டோனா என்ற ஊரின் பெயர். அந்தப் பிரபு கொடுத்த பணத்தில் நிலம் வாங்கி 1827இல் ரேனியஸ் அமைத்த ஊர் அது. சாக்சனி ஊர்ப்பெயர் ஒரு குடும்பத்தின் பெயராகி, மறுபடி களக்காட்டுப் பக்கத்தில் ஊர்ப்பெயரானது.

●
ஒரு நாட்டில் உழவர்கள்தானே அதிகம்? அப்படியிருக்க உழவரைக் குறிக்கும் ‘பவர்’ முதலிடத்துக்கு வராமல் முல்லர் எப்படி வந்தது?

பெயர் என்பது ஆளை அடையாளம் காட்டத்தான். ஊரில் எல்லாரும் உழவர் என்றால் ‘உழவர் ஹைன்ரிஷ்’ என்று சொல்லி ஒருவரைக் காட்ட முடியாது. ஆனால் மாவு ஆலை ஊருக்கு ஒன்று. கொல்லன் உலை ஊருக்கு ஒன்று. ‘ஆலைக்கார ஹைன்ரிஷ்’ என்றால் குழந்தைக்கும் ஆள் தெரியும். ஊருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆயிரக்கணக்கான ஊர்களில் ஆயிரக்கணக்கான முல்லர்கள் உருவானார்கள். ஊருக்குள் அபூர்வமாக இருந்ததால்தான் நாடு முழுக்க அதிகமானது அந்தப் பெயர். குடும்பப்பெயர்களைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட அழகான விளக்கம் எதுவும் இல்லை.

●
முல்லர், ஷ்மிட்டுக்கு அடுத்து ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீனவர், வேபர் நெசவாளர். அவற்றைத் தொடரும் மையர் பண்ணைக் காரியஸ்தர், வாக்னர் வண்டி செய்யும் தச்சர், பெக்கர் ரொட்டி சுடுபவர், ஷுல்ட்ஸ் ஊர்த்தலைவர், ஹோஃப்மன் பண்ணை ஆள். முதல் பத்துப் பெயர்களும் ஒருவர் பார்த்த வேலையையோ வகித்த பொறுப்பையோ சொல்கின்றன.

●
ஜெர்மானிய ஆலைக்காரரின் இடம் ஆற்றோரம். நீர்ச்சக்கரம் சுற்ற, கல் சுற்ற, கோதுமையும் ரையும் மாவாகும். பல இடங்களில் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று கட்டாயம் உண்டு. கூலி பணமாக அல்ல, மாவாக. பதினாறில் ஒரு பங்கு என்ற அளவு பல இடங்களில் வழக்கம். உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது என்று அரைக்கக் கொடுத்தவருக்குத் தெரியாது. அதனால் ஆலைக்காரர் என்றாலே மாவு திருடுபவர் என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டது. தூக்குமரத்துக்கு ஏணி கொடுக்கும் கடமையைச் சில ஊர்களில் ஆலைக்காரர் தலையில் கட்டியிருந்தார்கள்.

இதோடு நிற்கவில்லை. ‘மதிப்பில்லாத தொழில்’ என்று ஒரு பட்டியலே இருந்தது. அந்தத் தொழில் செய்பவரின் பிள்ளையைக் கைவினைச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளாது. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தச்சனாகவோ தட்டானாகவோ பயிற்சி பெற முடியாது. சணல்நூல் நெய்பவர், நாவிதர், ஆட்டிடையர், ஆலைக்காரர், சுங்கம் வசூலிப்பவர், குழல் ஊதுபவர், எக்காளம் ஊதுபவர், குளிப்பிடம் நடத்துபவர் ஆகியோரின் பிள்ளைகளைத் தள்ளிவைக்கக் கூடாது என்று 1548இல் பேரரசு ஆணை போட்டது. யாரும் கேட்கவில்லை. 1577இல் மறுபடி போட்டது. 1731இல் இன்னும் விரிவாக ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறப்பால் தொழிலையும் மதிப்பையும் நிர்ணயிக்கும் நோய் நம் மண்ணில் மட்டும் இருந்ததில்லை என்பதற்கு இந்த மூன்று ஆண்டுகளும் சாட்சி.

அந்தப் பட்டியலில் இருந்த ஆலைக்காரரும் நெசவாளரும் இடையரும் இன்று முல்லர், வேபர், ஷேஃபர் என்ற பெயர்களாக ஜெர்மனியின் தொலைபேசிப் புத்தகத்தை நிரப்புகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு இன்று எவரும் முகம் சுளிப்பதில்லை.

●
நெல்லைச் சீமையில் முல்லருக்கு இணையான பெயர் ஏன் இல்லை? இங்கே அரிசிக்கு மாவு ஆலை வேண்டியிருக்கவில்லை. உரலும் உலக்கையும் திருகையும் வீட்டுக்குள் இருந்தன; குத்தியதும் அரைத்ததும் பெண்கள். கூலி இல்லாத அந்த வேலைக்குப் பட்டப்பெயரும் வரவில்லை. எண்ணெய்க்கு மட்டும் வெளியே போனார்கள். அங்கே செக்கும் வாணியரும் உண்டு.

தாமிரபரணித் தண்ணீரை வைத்துப் பெரிய ஆலை ஓட்டியது 1880களில்தான். பாபநாசம் அருவியின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை நிறுவினார்கள். நீர்ச்சக்கரத்து முல்லர்களின் அதே தத்துவம்தான், மாவுக்குப் பதில் நூல். ‘ஹார்வி மில்’ என்று முதலாளி பெயரில்தான் இன்றும் பேச்சு. அங்கே மூன்று ஷிப்டும் உழைத்த ஆயிரக்கணக்கானவர்களின் தொழில் யாருடைய பெயரிலும் ஏறவில்லை.

●
பெர்ன்ஹார்ட் ஷ்மிட் இரும்பைத் தொட்டவரல்லர். யேனா நகருக்குப் பக்கத்து லோபேடாவில் 1787இல் பிறந்த அவர், பின்னாளில் நீலகிரியில் செடிகொடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் அனுப்பியவற்றை வைத்து யேனா பேராசிரியர் ட்செங்கர் 1835 முதல் ஒரு நூலே வெளியிட்டார். நீலகிரிச் செண்பகத்துக்கு அறிவியல் பெயர் கிடைத்தது அந்த நூலில். கொல்லர் பெயரைச் சுமந்தவர் தாவரங்களால் நினைவுகூரப்படுகிறார். பெயர் ஒரு பக்கம் போக வாழ்க்கை இன்னொரு பக்கம் போகலாம் என்ற சுதந்திரம் அங்கே 1500 வாக்கிலேயே வரத் தொடங்கிவிட்டது. தொழிலைப் பெயரோடு சேர்க்கும் வழக்கம் அங்கே ரைன் நதிக்கரை நகரங்களில் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. முதலில் கொல்லரை மட்டும் கொல்லர் என்றார்கள். பிறகு கொல்லரின் மகன் ரொட்டி சுட்டாலும் ஷ்மிட், பேரன் பாதிரியானாலும் ஷ்மிட்.

●
ஒரே கொல்லர், ஊருக்கொரு எழுத்து: தெற்கே பவேரியா, ஸ்வாபியாப் பக்கம் ‘ஷ்மிட்’ ஒரு ‘d’ எழுத்தோடு முடியும், ஃப்ராங்கோனியா, பலட்டினேட் பக்கம் இரட்டை ‘t’, கொலோன் நகரில் ‘ஷ்மிட்ஸ்’, நாடு முழுதும் பரவியது ‘dt’ என்று இரண்டும் சேர்ந்த வடிவம். குயவருக்கு நடு ஜெர்மனியில் ‘ட்யோப்ஃபர்’, தெற்கே ‘ஹாஃப்னர்’. வண்டித்தச்சருக்கு ஓரிடத்தில் ‘வாக்னர்’, வேறிடத்தில் சக்கரம் செய்பவர் என்ற பொருளில் ‘ராடமாகர்’. பெயரைப் பார்த்தே பாட்டனார் எந்தப் பக்கத்து ஆள் என்று ஊகித்துவிடுவார்கள்.

●
16ஆம் நூற்றாண்டில் படித்த ஜெர்மானியர்கள் தங்கள் பெயரை லத்தீனுக்கு மாற்றிக்கொண்டார்கள். முல்லர் மோலிட்டர் ஆனார், பவர் அக்ரிகோலா ஆனார், வேபர் டெக்ஸ்டர் ஆனார். ஜெர்மன் கவிஞர் கதேயின் தாயார் பிறந்தது ஒரு டெக்ஸ்டர் குடும்பத்தில். ஷ்மிட்டுக்கு லத்தீனில் ஃபப்ரீசியுஸ். அந்தப் பெயரைத் தமிழ்நாடு நன்றாக அறியும்: 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, சென்னையில் வாழ்ந்து, தமிழ் விவிலியத்தையும் தமிழ்–ஆங்கில அகராதியையும் தந்த யோஹான் ஃபிலிப் ஃபப்ரீசியுஸ். அகராதி 1779இல் வந்தது. சொற்களை உலையில் காய்ச்சி வடித்தவருக்குக் கொல்லர் பெயர் பொருத்தம்தான்.

●
1728இல் சென்னையில் லுத்தரன் ஊழியத்தைத் தொடங்கிய பெஞ்சமின் ஷுல்ட்செயின் பெயரும், 2021 முதல் 2025 வரை ஜெர்மனியின் சான்சலராக இருந்த ஓலாஃப் ஷோல்ட்ஸின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிரபுவுக்குச் செலுத்த வேண்டியதை வசூலித்துக் கொடுக்கும் ஊர்த்தலைவர் என்று பொருள். நம் மணியக்காரருக்குப் பக்கத்தில் வரும் பதவி. 1974 முதல் 1982 வரை சான்சலராக இருந்த ஹெல்முட் ஷ்மிட்டின் பெயரில் இருப்பவர் நம் கொல்லர்.

●
பதவி குடும்பப்பெயராக நின்றதற்குத் திருநெல்வேலியிலேயே சான்று உண்டு. மேடை தளவாய் முதலியார் குடும்பம். ‘தளவாய்’ என்றால் படைத்தலைவர். விஸ்வநாத நாயக்கரின் தளவாயாக இருந்த அரியநாத முதலியாரைத் தங்கள் முன்னோராகச் சொல்வார்கள். படை போனது, நாயக்கர் ஆட்சி போனது, தளவாய் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெயரோடு வந்தது. ஷுல்ட்ஸும் மையரும் நின்றது இப்படித்தான்.

●
தொழிலைப் பெயரோடு சேர்த்துச் சொல்வதில் தமிழர்கள் ஜெர்மானியருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தவர்கள். சங்கப் புலவர் வரிசையைப் பாருங்கள்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். ஊர், தொழில், பெயர் என்று மூன்றும் முறையாக நிற்கின்றன. அழகர்மலைக் குகையில் தமிழி எழுத்தில் உப்பு வணிகர் இருக்கிறார், பொற்கொல்லர் இருக்கிறார், கலப்பைக்குக் கொழு விற்றவரும் இருக்கிறார். அவரவர் செய்த வேலை அவரவர் பெயரில். மகனுக்கு அது போகவேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பெயர்களில் தெரியவில்லை. ஜெர்மனியின் 12ஆம் நூற்றாண்டு நிலை நமக்கு அப்போதே இருந்தது.

●
பிறகு என்ன நடந்தது? அங்கே பெயர் இறுகியது, தொழில் அவிழ்ந்தது. இங்கே தொழிலும் சேர்ந்து இறுகியது.

நெல்லைக் கிராமங்களிலும் கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர் எல்லாம் ஊருக்கு ஒரு குடும்பம், இரண்டு குடும்பம்தான். அறுவடைக் களத்தில் அவர்களுக்கு நெல் அளந்தார்கள். அதற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். ஆலைக்காரருக்கு மாவில் பங்கு மாதிரி இவர்களுக்கு நெல்லில் பங்கு. ஏற்பாடு ஒன்றுதான். ஆனால் இங்கே அந்த நெல்லோடு பிள்ளையின் எதிர்காலத்தையும் சேர்த்து அளந்துவிட்டார்கள். பட்டம் ஒருவர் செய்த வேலையைச் சொல்வதை விட்டு, அவர் எந்தத் தெருவில் இருக்கலாம், யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம் என்று சொல்லத் தொடங்கியது. ஒரு ஷ்மிட் பாதிரியாகி நாடு கடந்து செடி சேர்த்த அதே காலத்தில், இங்கே ஒரு கொல்லரின் மகன் வேறு வேலைக்குப் போவது எத்தனை கடினம் என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

அதனால்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மேடையில் இருந்தவர்களே முதலில் விட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பா பெயரின் இனிஷியல் மட்டும். முல்லர் என்ற பெயர் பரவியது ஒரு வரலாறு என்றால், நம் பெயர்களிலிருந்து பட்டம் மறைந்ததும் அதே அளவு பெரிய வரலாறு.

●
ஆளின் பெயரில் விட்டதை ஊரின் பெயர் வைத்திருக்கிறது. திருநெல்வேலி மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று தச்சநல்லூர். பெயரிலேயே தச்சர் நிற்கிறார். சந்திப்பிலிருந்து பாளைக்குப் போகும் பாதையில் வண்ணார்பேட்டை. அம்பாசமுத்திரத்திலோ தொழில் ஊர்ப்பெயரில் இல்லை; ஆனால் அங்கே மரச்சொப்பு கடையும் கைவினைஞரின் தொழிலுக்கு ஜெர்மனியில் ‘ட்ரெக்ஸ்லர்’ என்று குடும்பப்பெயரே உண்டு.

●
ரேனியஸும் ஷ்மிட்டும் வருவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முன்பே ஜெர்மானிய வேர்ப் பெயர்கள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டன. 1530களில் பரதவர்கள் கத்தோலிக்கர் ஆனபோது போர்த்துக்கீசியப் பெயர்களைச் சூடினார்கள். அவற்றில் ஃபெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோமஸ் எல்லாம் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் ஒருகாலத்தில் ஆண்ட விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பெயர்களிலிருந்து பிறந்தவை. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலைத் தந்த ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் பெயரும் ‘ஹைன்ரிஷின் மகன்’ என்ற வேரில் வந்ததே. தூத்துக்குடியில் ஒரு ஃபெர்னாண்டோவைச் சந்திக்கும்போது, ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் இந்த நீண்ட வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

●
தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ‘மேர்ஸ்க்’ என்று எழுதிய கண்டெய்னர் லாரி உங்களைத் தாண்டிப் போயிருக்கும். அந்தக் கப்பல் நிறுவனத்தின் முழுப்பெயர் ஏ. பி. மோலர்–மேர்ஸ்க். மோலர் டென்மார்க்கின் முல்லர். ஹங்கேரியில் மோல்னார், உக்ரைனில் மெல்னிக், பிரான்சில் மெனியே, எல்லாரும் மாவரைத்தவர்கள்தான். கொல்லருக்கு இங்கிலாந்தில் ஸ்மித், ஹங்கேரியில் கோவாச், இத்தாலியில் ஃபெராரி. அமெரிக்காவுக்குக் குடியேறிய முல்லர்களில் பலர் மில்லர் ஆனார்கள், ஷ்மிட்டுகளில் பலர் ஸ்மித் ஆனார்கள்.

●
மாவு அரைக்காத முல்லர்கள் சிலர்: பூச்சிகளைக் கொல்லும் டிடிடி மருந்தின் ஆற்றலைக் கண்டறிந்து 1948இல் மருத்துவ நோபல் பெற்ற சுவிஸ்காரர் பால் முல்லர். 2009இல் இலக்கிய நோபல் பெற்ற ஹெர்டா முல்லர். 1974 உலகக் கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியின் வெற்றிக் கோலை அடித்த கெர்ட் முல்லர். ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர். இந்தியாவில் கதே நிறுவனம் அவர் பெயரில்தான் ‘மாக்ஸ் முல்லர் பவன்’ என்று நடக்கிறது, சென்னையிலும்.

மாக்ஸ் முல்லரின் தந்தை வில்ஹெல்ம் முல்லர் ஒரு கவிஞர். ஆலைக்காரர் மகளைக் காதலித்த இளைஞனைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளுக்கு 1823இல் இசையமைத்தவர் ஃப்ரான்ஸ் ஷூபர்ட். ஷூபர்ட் என்றால் செருப்புத் தைப்பவர். ஐரோப்பா இன்றும் உருகிக் கேட்கும் பாட்டுகளை ஆலைக்காரர் பெயரும் செருப்புத் தைப்பவர் பெயரும் சேர்ந்து தந்திருக்கின்றன.

●
பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ரேனியஸ், சுவார்ட்ஸ் என்பவை பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்கள். ஜெர்மனியில் குடும்பப்பெயராக இருந்தவை இங்கே ஆளின் சொந்தப் பெயராகிவிட்டன, முன்னால் ஓர் இனிஷியலோடு.

●
ஜெர்மனியில் நினைத்தபடி குடும்பப்பெயரை மாற்ற முடியாது. தக்க காரணம் காட்ட வேண்டும். அரசு ஏற்கும் காரணங்களில் ஒன்று, பெயர் அளவுக்கு மீறிப் பொதுவாக இருப்பது. முல்லரும் ஷ்மிட்டும் மையரும் இந்தச் சலுகைக்கு உரியவர்கள். 2025 மே மாதம் முதல் கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்து இரட்டைப் பெயராக வைத்துக்கொள்ளவும் புதிய சட்டம் இடம் தருகிறது.

●
ஜெர்மனியின் வடமேற்கில் கிழக்கு ஃப்ரீசியா என்ற பகுதி இருக்கிறது. அங்கே 1811 வரை நம்மைப் போலவே தகப்பன் பெயரைத்தான் பிள்ளை போட்டுக்கொள்ளும். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். நெப்போலியன் ஆணை போட்டு நிரந்தரக் குடும்பப்பெயர் வைக்கச் செய்தார். அந்த ஆண்டில் யார் தகப்பனோ அவர் பெயரே பல குடும்பங்களுக்கு நிலைத்துவிட்டது.

அதே மாற்றம் இப்போது நம்மவர்களுக்கு நடக்கிறது. 1980களில் போருக்குத் தப்பி ஜெர்மனிக்குப் போன ஈழத்தமிழர்களும், வேலைக்காகப் போன நம் பிள்ளைகளும் விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதுகிறார்கள். அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்; அங்கே பிறக்கும் பிள்ளைக்கும் பல குடும்பங்களில் அதுவே போகிறது. ஊரில் அண்ணாச்சி என்று அழைக்கப்பட்ட ஒரு சுடலைமுத்துவோ ஆறுமுகமோ, தான் பார்த்தே இராத நகரத்தில் ஒரு ஜெர்மன் குடும்பப்பெயராகிறார். இன்னும் நான்கு தலைமுறை கழித்து முல்லர், ஷ்மிட் இருக்கும் அதே வகுப்புப் பதிவேட்டில் அகர வரிசையில் அவர் பெயரும் இருக்கும்.